கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உபுண்டு, மின்ட், டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்தும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: அப்டேட் போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், வைஃபை போய்விட்டது. பலர் பதற்றத்தில் சிஸ்டத்தையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள். கல்லூரி ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாம் அதோடு போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். அதற்கு அவசியமே இல்லை. வேலை செய்துகொண்டிருந்த பழைய கெர்னல் (வன்பொருளை இயக்கும், லினக்ஸின் மையப் பகுதி) அநேகமாக உங்கள் டிஸ்கிலேயே இருக்கிறது. எதையும் அழிக்கும் முன் கீழே உள்ளதைப் படியுங்கள்.

கட்டளைகளை உச்சரிப்பு வடிவில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். இடைவெளியும் சிறுகோடும் இங்கே இருப்பது போலவே இருக்கட்டும்.

நேத்து ராத்திரி அப்டேட் போட்டேன், காலைல வைஃபை ஐகானே காணோம். கார்டு செத்துப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. அப்டேட்டில் மாறியது கெர்னல்தான், கார்டு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. வைஃபை ஓட மூன்று விஷயங்கள் சேர வேண்டும். கார்டை இயக்கும் டிரைவர், அதாவது கெர்னலில் ஏறும் மாட்யூல். கார்டுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு. மூன்றாவது, ரேடியோ அணைக்கப்படாமல் இருப்பது. கெர்னல் மாறும்போது அதிகம் அடிபடுவது முதலாவது, அப்புறம் இரண்டாவது.

கார்டு பிழைத்திருக்கிறதா என்று பார்க்க மிகச் சுலபமான வழி, பழைய கெர்னலில் ஏறிப் பார்ப்பது.

பழைய கெர்னல்ல எப்படிப் போறது? எனக்கு அந்த மெனுவே வர்றதில்லையே.

கணினியில் ஒரே ஓஎஸ் இருந்தால் உபுண்டுவும் மின்ட்டும் கிரப் மெனுவை (எதில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை) மறைத்துவிடும். ஆன் செய்ததும் கம்பெனி லோகோ வந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்திருங்கள். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் மெனுவுக்குப் பதிலாக 'கிரப்' என்று ஒற்றை வரி வந்து நிற்கும். பயப்பட வேண்டாம், ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஒரே தட்டு தட்டிப் பாருங்கள்.

மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் கெர்னல்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள், 'ரெக்கவரி மோட்' என்று எழுதியிருப்பது வேண்டாம். உள்ளே போனதும் 'யூநேம் -ஆர்' என்று தட்டினால் இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறீர்கள் என்று தெரியும். இங்கே வைஃபை வந்தால் கார்டு நலம், புதிய கெர்னல் பக்கம்தான் கோளாறு. இங்கேயும் வரவில்லை என்றால் கீழே உள்ள ஆர்எஃப்கில் (ரேடியோ அணைந்திருக்கிறதா என்று காட்டும் கட்டளை), விண்டோஸ் பற்றிய கேள்விகளுக்கு நேராகப் போய்விடுங்கள்.

நெட்டே இல்லாம, நெட்டைச் சரி பண்ற பேக்கேஜை எப்படி இறக்குறது?

பழைய கெர்னலில் வைஃபை வந்தால் அங்கிருந்தே இறக்கலாம். இல்லையென்றால் ரூட்டரிலிருந்து லேன் வயர். அதுவும் இல்லையா? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் சொருகி, போன் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு லேன் கார்டாகவே பார்க்கும். பலருக்குத் தெரியாத விஷயம்: போன் வீட்டு வைஃபையில் இருந்தாலும் அந்த இணைப்பையே வயர் வழியாகக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது.

புளூடூத் டெதரிங்கை நம்ப வேண்டாம். லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கின்றன.

என்ன கார்டுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? லேப்டாப் பெட்டியில எழுதவே இல்ல.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று தட்டுங்கள். நீளமாக வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். அங்கே தயாரிப்பாளர் பெயரும் மாடலும் இருக்கும், வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் ஒரு ஜோடி எண் இருக்கும். அந்த ஜோடியில் முதல் பாதி 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். யாரிடமாவது உதவி கேட்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்வதைவிட இந்த எண்களைச் சொல்லுங்கள். ஒரே லேப்டாப் மாடல் இரண்டு மூன்று வகைக் கார்டுகளோடு விற்பனைக்கு வருவது சகஜம். யூஎஸ்பி டாங்கிள் என்றால் 'எல்எஸ்யூஎஸ்பி' போதும்.

அதே பகுதியின் கீழ் வரிகள் இன்னும் முக்கியம். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது, கோளாறு ஃபர்ம்வேரிலோ சுவிட்சிலோ அமைப்புகளிலோ இருக்கிறது. அந்த வரி இல்லாமல் 'கெர்னல் மாட்யூல்ஸ்' மட்டும் இருந்தால் டிரைவர் டிஸ்கில் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. இரண்டுமே இல்லை என்றால் இந்தக் கெர்னலுக்கு டிரைவரே இல்லை. இனி வரும் பதில்களெல்லாம் இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைப் பொறுத்தவை, அதனால் இதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரைவரே இல்லைன்னு காட்டுது. நேத்து வரைக்கும் இருந்தது எங்க போச்சு?

அது பழைய கெர்னலின் ஃபோல்டரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் மாட்யூல்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், ஒன்றுக்காகக் கட்டியது (கம்பைல் செய்தது) இன்னொன்றில் ஏறாது. கெர்னலோடு சேர்ந்தே வரும் டிரைவர்கள் என்றால் புதிய பதிப்போடு புதிதாக வந்துவிடும். நீங்கள் தனியாகப் போட்ட டிரைவரை மட்டும் உங்கள் கணினியிலேயே மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்வதுதான் டிகேஎம்எஸ். அது கட்டுவதற்குப் புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் (கெர்னலின் உள் விவரங்களைச் சொல்பவை) வேண்டும். ஹெடர் வராமல் கெர்னல் மட்டும் வந்திருந்தால் டிகேஎம்எஸ் ஒன்றும் செய்ய முடியாமல் விட்டுவிடும். நான் பார்க்கும் கேஸ்களில் மிக அதிகம் இந்த வகைதான்.

'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' தட்டிப் பாருங்கள். டிரைவர் பெயர், கெர்னல் எண், பக்கத்தில் 'இன்ஸ்டால்டு' என்று வரும். புதிய கெர்னல் எண் பட்டியலில் இல்லை அல்லது வெறும் 'ஆடட்' என்று இருக்கிறது என்றால் கட்டப்படவில்லை என்று அர்த்தம். 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' கொடுத்துவிட்டு, புதிய கெர்னலில் இருந்தபடி 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுங்கள். எச்டபிள்யூஇ வகைக் கெர்னல் (புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் புதிய கெர்னல்) வைத்திருப்பவர்களுக்கு ஹெடர் பேக்கேஜின் பெயரும் அதே எச்டபிள்யூஇ பின்னொட்டோடு இருக்கும். டிகேஎம்எஸ் இல்லாமல் சோர்ஸை இறக்கிக் கையால் 'மேக்' கொடுத்துப் போட்டவர்கள் ஒவ்வொரு முறையும் கையாலேயே கட்ட வேண்டியதுதான்.

ஹெடர் எல்லாம் இருக்கு. ஆனா டிகேஎம்எஸ் "பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்"னு சொல்லி நின்னுடுது.

கட்டும்போது தவறியிருக்கிறது. காரணம் 'மேக்.லாக்' என்ற கோப்பில் இருக்கும், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பிழைச் செய்தியே சொல்லும். திறந்து, 'எரர்' என்று முதலில் வரும் இடத்தைப் பாருங்கள். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை, அது முதல் பிழையின் விளைவுதான்.

கம்பைலர் (கட்டும் கருவி) கிடைக்கவில்லை என்று இருந்தால் சுலபம். உபுண்டு 22.04-க்கு 6.5 கெர்னல் வந்தபோது பலருக்கு இப்படி ஆனது. அந்தக் கெர்னல் ஜிசிசி என்ற கம்பைலரின் 12-ஆம் பதிப்பில் கட்டப்பட்டது, 22.04-இல் வழக்கமாக இருப்பதோ ஜிசிசி 11. 'ஜிசிசி-12' பேக்கேஜைப் போட்டதும் சரியானது. மற்றபடி ஏதோ ஒரு ஃபங்ஷன் இல்லை, வகை பொருந்தவில்லை என்று வந்தால், டிரைவர் சோர்ஸ் இந்தக் கெர்னலுக்குப் பழசாகிவிட்டது. டிரைவரின் புதிய பதிப்பைத் தேடுங்கள், வரும்வரை பழைய கெர்னலில் இருங்கள்.

பிராட்காம் கார்டு. பெரிய அப்டேட் வந்தாலே இதே தலைவலி. ஏன் இதுக்கு மட்டும்?

பிராட்காமின் 'டபிள்யூஎல்' டிரைவரில் முக்கியப் பகுதி மூடிய குறியீடு. அந்த நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பதிப்பு 6.30.223.271, ஆண்டு 2015. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏற்ற மாதிரி டெபியன், உபுண்டு ஆட்கள்தான் வெளிப்புறத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். புதிய கெர்னல் முந்திக்கொண்டு, ஒட்டு பின்னால் வந்தால் நடுவில் மாட்டுவது நீங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்த டிரைவர் பேக்கேஜை நிறுவும்போது, அதோடு மோதக்கூடிய திறந்த டிரைவர்களான பி43, பிசிஎம்ஏ, எஸ்எஸ்பி போன்றவற்றைத் தடைப் பட்டியலில் போட்டுவிடும். டபிள்யூஎல் கட்டப்படாமல் போனாலும் அந்தத் தடை அப்படியே நிற்கும். மூடிய டிரைவர் ஏற முடியாது, திறந்தது ஏறக் கூடாது, விளைவு வைஃபையே இல்லை. உங்கள் கார்டுக்குத் திறந்த டிரைவர் இருந்தால், மூடிய பேக்கேஜை 'பர்ஜ்' கட்டளையால் முழுசாக நீக்குங்கள். வெறும் 'ரிமூவ்' கொடுத்தால் தடைப் பட்டியல் கோப்பு தங்கிவிடலாம்.

எதற்குத் திறந்த டிரைவர் உண்டு? பிசிஎம்4313, 43224, 43225 மூன்றுக்கும் 'பிஆர்சிஎம்எஸ்மேக்' இருக்கிறது. பிசிஎம்4331-க்கு பி43, ஃபர்ம்வேரைத் தனியாகப் போட வேண்டும். பிசிஎம்43142, மேக்புக்குகளில் வரும் பிசிஎம்4360 இரண்டுக்கும் டபிள்யூஎல் மட்டுமே கதி. இந்த இரண்டை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, கெர்னலிலேயே டிரைவர் உள்ள யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முடிந்தால் உள்ளே இருக்கும் கார்டை இன்டெலுக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் உங்கள் மாடலின் பயாஸ் வேறு கார்டை ஏற்குமா என்று விசாரியுங்கள், பழைய லெனோவோ, எச்பி மாடல்கள் சில ஏற்பதில்லை.

டிகேஎம்எஸ் "இன்ஸ்டால்டு"ன்னுதான் காட்டுது. மாட்யூலை ஏத்துற மாட்ப்ரோப் கட்டளை கொடுத்தா "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு வருதே, என்ன கீ?

செக்யூர் பூட் ஆன் ஆகி இருக்கிறது. கையொப்பம் இல்லாத, அல்லது கணினிக்குத் தெரியாத கையொப்பம் உள்ள மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. 'மொக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட்' தட்டினால் 'எனேபிள்டு' என்று வருகிறதா பாருங்கள். உங்கள் கணினி தானே கட்டிய மாட்யூலுக்குப் போடும் கையொப்பத்தின் சாவியை, உங்கள் கணினியிலேயே பதிவு செய்ய வேண்டும். அந்தச் சாவிக்குப் பெயர் மொக்.

உபுண்டுவில் 'சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' கொடுத்தால் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ஒருமுறை மட்டும் பயன்படும் பாஸ்வேர்ட் அது, எளிதாக ஒன்றைக் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்து வரும் நீலத் திரையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில விநாடிதான் காத்திருக்கும், விட்டுவிட்டால் நேராக லினக்ஸுக்குள் போய்விடும், முதலிலிருந்து செய்ய வேண்டும். விசையை அழுத்தி, 'என்ரோல் மொக்', 'கன்டினியூ', 'யெஸ்', பாஸ்வேர்ட், 'ரீபூட்' என்று போங்கள். அந்தத் திரையில் அமெரிக்க விசைப்பலகை அமைப்புதான் இருக்கும், அதனால் பாஸ்வேர்டில் சிறப்புக் குறிகள் வேண்டாம்.

பயாஸில் செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டாலும் வேலை நடக்கும். சாவியைப் பதிவு செய்வது சில நிமிட வேலை, பாதுகாப்பும் கையில் இருக்கும், எனவே அதையே செய்யச் சொல்வேன்.

ரியல்டெக் 8821சிஇ. முன்னாடி டிகேஎம்எஸ் டிரைவர் போட்டாத்தான் வைஃபை வரும். இப்ப அது போட்டிருந்தும் வரல.

5.9 கெர்னலிலிருந்து இந்தக் கார்டுக்கான டிரைவர் 'ஆர்டிடபிள்யூ88' குடும்பத்தில் கெர்னலோடே வருகிறது. பழைய டிகேஎம்எஸ் டிரைவர் புதிய கெர்னலில் கட்டப்படாமல் போயிருக்கும், ஆனால் அதைப் போட்ட காலத்தில் உள் டிரைவரைத் தடை செய்து எழுதிய வரி இன்னும் இருக்கும். பிராட்காம் பதிலில் சொன்ன அதே கதைதான். டிகேஎம்எஸ் பேக்கேஜை நீக்குங்கள். 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'மாட்ப்ரோப்.டி'யில் நீங்கள் எழுதிய தடை வரிகளை அழியுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆர்டிஎல்8852பிஇ கார்டுக்கும் இதே விசாரணை செய்யலாம், அது 6.2 முதல் கெர்னலிலேயே இருக்கிறது.

நான் தனியா எந்த டிரைவரும் போடல. இன்டெல் கார்டு, டிரைவர் கெர்னல்லயே இருக்கு. அப்புறம் எப்படிப் போகும்?

இரண்டு வழியில் போகும். உபுண்டு 22.04 போன்ற பதிப்புகளில் வைஃபை டிரைவர்கள் முக்கிய கெர்னல் பேக்கேஜில் இல்லை, 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற தனிப் பேக்கேஜில் இருக்கின்றன. கெர்னலை எண்ணைப் பார்த்துக் கையால் நிறுவியவர்களுக்கு இது விட்டுப்போகும். பழைய கெர்னலில் ஏறி, புதிய கெர்னலின் எண்ணைப் பின்னால் சேர்த்து அந்தப் பேக்கேஜை நிறுவினால் போதும்.

இரண்டாவது வழி ஃபர்ம்வேர். 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' கொடுத்து 'ஐடபிள்யூஎல்வைஃபை' என்ற சொல்லைத் தேடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: கோப்பு ஏறவில்லை, 'எரர் -2' என்று சில வரிகள் இருந்தால் உடனே பதற வேண்டாம். டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணில் தொடங்கி, கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். கடைசியில் ஒன்று ஏறியிருந்தால் எல்லாம் நலம். 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்' என்று முடிந்திருந்தால்தான் பிரச்சினை, 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' பேக்கேஜைப் புதுப்பியுங்கள்.

டெபியனில் 11-இலிருந்து 12-க்கு மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் இந்த ஃபர்ம்வேர்கள் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற புதிய பிரிவுக்குப் போய்விட்டன. பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸஸ் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழையதிலேயே நின்றுவிடும்.

ஆர்ச் லினக்ஸ். அப்டேட் முடிஞ்சு இன்னும் ரீஸ்டார்ட்கூட பண்ணல, டாங்கிளைச் சொருகினா எடுக்கவே இல்ல.

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆர்ச்சில் கெர்னல் அப்டேட் பழைய மாட்யூல் ஃபோல்டரை நீக்கிவிடும். ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழைய கெர்னல், அது கேட்கும் மாட்யூல் டிஸ்கில் இல்லை.

டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் இருக்கு. ஆர்எஃப்கில்ல "ஹார்டு பிளாக்டு: யெஸ்"னு வருது.

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' இரண்டு தடைகளைக் காட்டும். 'சாஃப்ட்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' கொடுத்தால் போய்விடும். 'ஹார்டு' என்றால் கட்டளையால் எடுக்க முடியாது. லேப்டாப் ஓரத்தில் சிறு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை எஃப்என் விசையோடு அழுத்திப் பாருங்கள்.

சுவிட்சே இல்லாத லேப்டாப்பிலும் ஹார்டு தடை காட்டலாம். லேப்டாப்பின் சிறப்பு விசைகளைக் கவனிக்கும் மாட்யூல் தவறாகச் சொல்வதால் இப்படி ஆகும். லெனோவோவில் 'ஐடியாபேட்_லேப்டாப்' இதற்குப் பேர்போனது. 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஐடியாபேட்_லேப்டாப்' கொடுத்ததும் வைஃபை வந்தால் குற்றவாளி அதுதான்.

அதே லேப்டாப்புல விண்டோஸும் இருக்கு. விண்டோஸ்ல வைஃபை ஜோரா ஓடுது, லினக்ஸ்ல ரெண்டு கெர்னல்லயும் இல்ல.

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மேல்தான் என் முதல் சந்தேகம். அது ஆன் ஆகி இருந்தால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, கார்டை அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். லினக்ஸ் எழுப்பினால் அது எழாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை நிறுத்துங்கள். விண்டோஸ் அப்டேட் இதை மறுபடி ஆன் செய்துவிடுவதும் உண்டு, முன்பே நிறுத்தியவர்களும் போய்ப் பாருங்கள்.

எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டே தெரியாதவர்களுக்கும் இதன் அண்ணன் முறை வைத்தியம் ஒன்று: கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள்.

வைஃபை வருது. ஆனா அப்டேட்டுக்கு அப்புறம் அடிக்கடி அறுந்துபோகுது.

மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க் மேனேஜரின் 'கான்ஃப்.டி' ஃபோல்டரில் 'டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்' என்ற கோப்பு உபுண்டுவிலும் மின்ட்டிலும் இருக்கும். அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்கி, நெட்வொர்க் மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2 என்றால் நிறுத்து, 3 என்றால் ஓட்டு. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

எல்லாம் பார்த்துட்டேன், எதுவும் ஒத்து வரல. கெர்னல்லயே தப்பு இருக்குமா?

இருக்கலாம், நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் வைஃபைக்கான ஒரு திருத்தம் நிலையான கெர்னல்களுக்குள் போனது. 6.6.5, 6.1.66 பதிப்புகளில் அது வைஃபையை முடக்கி, சிலருக்குக் கணினியையே உறைய வைத்தது. சில நாளில் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதற்கென்றே 6.6.6 வெளிவந்தது. அந்த நேரத்தில் மாட்டியவர்கள் என்னதான் நோண்டியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. பழைய கெர்னலில் பொறுத்திருந்தவர்களுக்கு அடுத்த அப்டேட்டிலேயே தீர்ந்தது.

பழைய கெர்னலில் ஓடி, புதியதில் டிரைவர் ஏறியும் விழுகிறது என்றால் உங்கள் லினக்ஸ் வகையின் (உபுண்டு, டெபியன் போன்றவை) பிழைப் பதிவில் எழுதுங்கள். உறைந்துபோய் ரீஸ்டார்ட் செய்திருந்தால் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' முந்தைய ஓட்டத்தின் கெர்னல் செய்திகளைக் கொடுக்கும். அதோடு இரண்டு கெர்னல் எண்களையும் கார்டின் எண் ஜோடியையும் சேர்த்து அனுப்பினால், அந்த டிரைவரைக் கவனிப்பவருக்கு அது பெரிய உதவி.

பேசாம கெர்னல் அப்டேட்டையே நிறுத்திடலாமா?

நிரந்தரமாக வேண்டவே வேண்டாம். கெர்னல் அப்டேட்டில் வருவதில் பெரும் பங்கு பாதுகாப்புத் திருத்தங்கள். சரியான டிரைவர் வரும்வரை தற்காலிகமாக 'சூடோ ஏபிடி-மார்க் ஹோல்ட்' கொடுத்து லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-ஜெனரிக் மூன்றையும் நிறுத்தி வைக்கலாம். பிறகு 'அன்ஹோல்ட்' கொடுக்க மறக்காதீர்கள், போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டாலும் நல்லது.

டிகேஎம்எஸ் டிரைவரை நம்பி இருப்பவர்கள், கெர்னல் அப்டேட் முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யும் முன் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பாருங்கள். புதிய கெர்னல் எண்ணுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' இல்லையென்றால், கையில் வைஃபை இருக்கும்போதே ஹெடரை இறக்கிக் கட்டிவிடுங்கள். 'ஆட்டோரிமூவ்' கொடுக்கும்போதும் நீக்கப்போகும் பட்டியலைப் படியுங்கள். வைஃபை ஓடும் கெர்னலின் எண் அதில் இருந்தால், புதியதில் வைஃபை வருவதைப் பார்க்கும்வரை 'என்' தட்டி வெளியே வந்துவிடுங்கள்.